டென்னிஸ் மட்டை பிடிக்கும் பிஞ்சுகள்: அவசரப்பட்டால் ஆபத்து!

ஜமுனாமரத்தூர்:

ஜவ்வாது மலை சிறுவர்களுக்கு டென்னிஸ் பந்து புதுசு அல்ல. ஆனால் அது கிரிக்கெட் ஆடத்தான். மட்டை பிடித்து டென்னிஸ் பழக ஆசைப்படும் பிள்ளைக்கு எப்படி சொல்லிக் கொடுப்பது?

மேடு பள்ளத்தில் ஓடி, மரம் ஏறி வளரும் பிள்ளைகளுக்கு கால் பலம் தானாகவே வந்து விடும். டென்னிசுக்கு அதுதான் அஸ்திவாரம். ஆனால் பெரியவர்கள் ஆடும் பந்தையும், மட்டையையும் 6 வயசு பிள்ளை கையில் கொடுத்தால் பந்து தலைக்கு மேலே எகிறும். தோளும், முழங்கையும்தான் வலிக்கும்.

3 வண்ண பந்து

இதற்காகவே சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என 3 வகை பந்துகளை வைத்துள்ளது. சிவப்பு பந்தின் வேகம் வழக்கமான மஞ்சள் பந்தை விட 75 சதவீதம் வரை குறைவு. ஆரஞ்சு 50, பச்சை 25 சதவீதம் வரை குறைவு. 10 வயசுக்கு உட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்து கூடாது என்று 2012-ல் விதியே வந்து விட்டது.

மைதானமும் சின்னதுதான். முழு மைதானத்தின் நீளம் 23.77 மீட்டர். சிவப்பு பந்துக்கு சுமார் 11 மீட்டர், ஆரஞ்சுக்கு சுமார் 18 மீட்டர் போதும். பள்ளிக்கூட மைதானத்தில் சுண்ணாம்பு கோடு போட்டு, 2 கம்பு நட்டு, பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில் கயிறு கட்டினாலே ஆடலாம். காற்று இறங்கிய பழைய பந்தும் ஆரம்பத்துக்கு உதவும்.

வயசு எத்தனையோ, அத்தனை மணி நேரம்

ஒரு வாரத்தில் பிள்ளையின் வயசை விட அதிக மணி நேரம் பயிற்சி கொடுக்கக் கூடாது என்கிறார்கள் விளையாட்டு மருத்துவர்கள். 10 வயசு என்றால் வாரம் 10 மணி நேரம்தான் உச்சம். வாரத்தில் ஒரு நாளாவது ஓய்வு வேண்டும். கபடி, ஓட்டம், கால்பந்து என்று மற்ற விளையாட்டும் ஆட விடுங்கள். வளரும் எலும்பின் முனை பலவீனமானது. வலி என்று பிள்ளை சொன்னால், "சும்மா நடிக்காதே" என்று அதட்டாமல் ஆட்டத்தை நிறுத்துங்கள். வலி தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

13 வயசில் வந்த வினை

அமெரிக்க வீராங்கனை ஜெனிபர் கேப்ரியாட்டி 1990-ல் 13 வயசிலேயே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 1992 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். ஆனால் நெருக்கடி தாங்காமல் 17 வயசில் ஒதுங்கினார். 1995-ல் சிறுமிகள் ஆடும் போட்டிகளின் எண்ணிக்கைக்கு பெண்கள் டென்னிஸ் சங்கம் கட்டுப்பாடு கொண்டு வந்தது. கேப்ரியாட்டி மீண்டு வந்து 2001-ல் ஆஸ்திரேலிய ஓபன், பிரெஞ்சு ஓபன் பட்டங்களை வென்றார்.

நம்ம ஊர் உதாரணமும் உண்டு. ராமநாதன் கிருஷ்ணனுக்கு தந்தையே குரு. 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். அவரது மகன் ரமேஷ் கிருஷ்ணன் அதே பட்டத்தை 1979-ல் தட்டினார். ரமேசுக்கு அப்பாவும், தாத்தாவும்தான் பயிற்சி கொடுத்தார்கள்.

ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் "ஜெயிச்சியா?" என்று கேட்காதீர்கள். "நல்லா ஆடுனியா, சந்தோசமா இருந்துச்சா?" என்று கேளுங்கள். மறுநாளும் மட்டையைத் தூக்கிக் கொண்டு அதுவே ஓடும்.