எட்டு பிஸ்டன், நான்கு எண்கள்: டியூராமேக்ஸ் டீசலுக்குச் சரியான மாற்று எது?

டீசல் எஞ்சினின் திறனைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "வார்ப்பு பிஸ்டனா, ஃபோர்ஜ்டு பிஸ்டனா?" என்பதுதான். இந்தக் கேள்வி பின்னால் வர வேண்டியது. எரிப்பு அறையின் கொள்ளளவு, உச்ச அழுத்தம், வெப்பத்தில் விரியும் அளவு, மொத்தச் செலவு ஆகிய நான்கு எண்களும் கையில் இருந்தால் உலோகம் தானாகவே முடிவாகிவிடும். அமெரிக்க டிரக்குகளில் ஓடும் 6.6 லிட்டர் டியூராமேக்ஸ் வி8 எஞ்சினை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஆலை போட்ட கணக்கு

ஜெனரல் மோட்டார்ஸும் இசுசுவும் கூட்டாக ஒஹையோ மாநிலத்தின் மொரெயினில் தயாரித்த எஞ்சின் இது. 2001 மாடல் முதல் சில்வராடோ, சியரா டிரக்குகளில் வந்தது. சிலிண்டர் துளையின் விட்டம் (போர்) 103 மி.மீ., ஸ்ட்ரோக் 99 மி.மீ. ஒரு சிலிண்டருக்கு 825 க.செ.மீ.; எட்டுக்கும் சேர்த்து 6,599.

2001, எல்பி7: அழுத்த விகிதம் 17.5, 300 குதிரைத்திறன்
2006, எல்பிஇசட்: 16.8, 360
2011, எல்எம்எல்: 16.0, 397
2017, எல்5பி: 16.0, 445

எஞ்சின் கொள்ளளவு மாறவில்லை, திறன் 48 சதவீதம் உயர்ந்தது, விகிதம் இறங்கியது. விகிதம் இறங்கியதற்குப் புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் ஒரு காரணம். ஆனாலும் டர்போ அழுத்தத்தைக் கூட்டுகிறவருக்கு இந்தப் பட்டியல் நல்ல வழிகாட்டி.

எண் 1: அறையின் கொள்ளளவு

பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் இடம் 17.5 விகிதத்தில் 50.0 க.செ.மீ., 16.8-இல் 52.2, 16.0-இல் 55.0. அதாவது 16.8-இலிருந்து 16.0-க்கு இறங்க ஒரு சிலிண்டருக்கு 2.8 க.செ.மீ. போதும். பிஸ்டன் தலையிலுள்ள கிண்ணத்தின் கூர்மையான விளிம்பை உருட்டிவிடுவது, வால்வுக்குப் பள்ளம் எடுப்பது ஆகிய இரண்டும் இந்த இடத்தைக் கூட்டும். கூர்மையான விளிம்பில் வெப்பம் குவிந்து விரிசல் விழும் என்பதால், விளிம்பை உருட்டுவதில் இரட்டை லாபம்.

போரைப் பெரிதாக்கினால் நேர் எதிர் விளைவு. 0.5 மி.மீ. கூட்டினால் எஞ்சின் 64 க.செ.மீ. மட்டுமே வளரும், அறை 52.2-ஆகவே இருந்தால் விகிதம் 16.95-க்கு ஏறிவிடும். ஹெட் கேஸ்கட்டின் தடிமன் 0.1 மி.மீ. மாறினாலும் 0.83 க.செ.மீ. மாறும்.

எண் 2: அழுத்தம்

டர்போவிலிருந்து மொத்தம் 3 பார் அழுத்தத்தில் காற்று வருவதாகக் கொள்வோம். எரிபொருள் பற்றுவதற்கு முன்பே, விகிதத்தை 1.35 அடுக்குக்கு உயர்த்திக் கணக்கிட்டால் சிலிண்டரில் எழும் அழுத்தம் இது:

17.5 விகிதம்: 143 பார்
16.8: 135 பார்
16.0: 127 பார்
15.0: 116 பார்

எரிதல் தொடங்கியதும் இதன் மேல் ஏறும். 150 பாரில் ஒரு பிஸ்டன் தலை மேல் 12.7 டன் எடை. 200 பாரில் 17 டன். 3,200 சுற்றில் நிமிடத்துக்கு 1,600 முறை இந்த அடி விழுகிறது. இதை முழுக்கத் தாங்குவது பிஸ்டன் பின் அமரும் துளை. எல்பிஇசட், அதை அடுத்து வந்த எல்எம்எம் எஞ்சின்களின் பிஸ்டன்களில் அந்தத் துளைக்குப் புஷ் (உள் உறை) கிடையாது. திறனை மிகவும் ஏற்றிய எஞ்சின்களில் இவை பின்னின் நேர்க்கோட்டில் பிளப்பது, இந்த எஞ்சினைப் பிரிக்கும் பட்டறைகளில் எல்லோரும் அறிந்த குறை. ஆகவே மாற்று பிஸ்டனில் முதலில் பார்க்க வேண்டியது புஷ் பதித்த பின் துளை.

விகிதத்தை அளவு மீறிக் குறைக்கவும் கூடாது. 0 டிகிரி குளிரில் 17.5 விகிதம் காற்றை ஏறத்தாழ 470 டிகிரிக்குச் சூடாக்கும், 16.0 என்றால் 447, 14.0 என்றால் 414. குளிர்காலக் காலையில் வண்டி கிளம்பாமல் வெள்ளைப் புகை கக்குவது இந்த வித்தியாசத்தால்தான்.

எண் 3: விரியும் அளவு

103 மி.மீ. பிஸ்டன் 100 டிகிரி சூடேறினால், ஃபோர்ஜ்டு பிஸ்டன் செய்யும் 4032 அலுமினியக் கலவையில் 0.20 மி.மீ. விரியும், 2618 கலவையில் 0.23, எஃகில் 0.13. வார்ப்பிரும்பு பிளாக்கின் துளை விரிவது 0.11 மட்டுமே. 4032-இல் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் உண்டு. அதனால் விரிவும் தேய்மானமும் குறைவு. 2618-இல் சிலிக்கான் மிகக் குறைவு. எளிதில் உடையாது, ஆனால் கூடுதல் இடைவெளி கேட்கும், குளிரில் தட்டும்.

வார்ப்பு பிஸ்டனுக்கும் தனி பலம் இருக்கிறது. தலைக்குள் எண்ணெய் ஓடும் குளிர்விப்புக் கால்வாயை வார்ப்பிலேயே அமைக்கலாம். மேல் ரிங் பள்ளத்தில் நிக்கல் கலந்த இரும்பு வளையத்தைப் பதிக்கலாம். பல ஃபோர்ஜ்டு பிஸ்டன்களில் இந்த இரண்டும் இல்லை. ஆண்டு முழுதும் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு இந்த இழப்பு பெரியது.

எண் 4: செலவு

விலைச்சீட்டில் இருப்பது 8 பிஸ்டன். பட்டறையில் தேவைப்படுவது இன்னும் நிறைய: 8 பின், 16 லாக், 24 ரிங், கனெக்டிங் ராடுக்கு 16 அரைபேரிங், கிராங்குக்கு 10, ஹெட் கேஸ்கட் 2. அதோடு போரிங், ஹோனிங், கிராங்க் பேலன்ஸ் கூலி. மலிவான செட்டில் ஒரு பிஸ்டனுக்கு 100 டாலர் மிச்சப்படுத்தினால் லாபம் 800 டாலர். ஒரு பிஸ்டன் பிளந்தால் மேலே எண்ணிய பட்டியல் முழுவதும் மறுபடி. சிலிண்டர் கீறினால் பிளாக்கும் சேரும்.

தீர்ப்பு

தினமும் ஓடி, பாரமும் இழுக்கும் டிரக்குக்குப் புஷ் வைத்த, விளிம்பு உருட்டிய வார்ப்பு பிஸ்டன், விகிதம் 16.0 முதல் 16.8 வரை. அடிக்கடி பிரித்துப் பார்க்கும் பந்தய வண்டிக்கு ஃபோர்ஜ்டு. 200 பாரைத் தாண்டி அழுத்தம் ஏறும் இழுவைப் போட்டிக்கு எஃகு. எதை வாங்கினாலும் பியூரெட்டால் அறையை அளந்து, எட்டையும் தராசில் நிறுத்து, அந்த எண்களை எழுத்தில் கொடுக்கும் பட்டறையிடமே எஞ்சினை ஒப்படையுங்கள்.