வைப்பு வட்டியில் பிடித்த வரி

விளைச்சல் விற்ற பணத்தை வங்கியில் நிரந்தர வைப்பாகப் போடும் உழவர்கள் உண்டு. வேளாண் வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை. வைப்பின் வட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. 2025 மார்ச் வரை, ஆண்டு வட்டி 40,000 ரூபாயைத் தாண்டினால் வங்கி 10 சதவீதம் பிடித்தது. 45,000 ரூபாய் வட்டி பெற்றவருக்கு 4,500 ரூபாய் போயிற்று. மூன்று மூட்டை டி.ஏ.பி. வாங்கும் பணம்! வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாதவரும் கணக்குத் தாக்கல் செய்தால்தான் அது திரும்பி வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வரம்பு 50,000. அறுபது வயது நிறைந்தோருக்கு 1,00,000. எனவே 45,000 ரூபாய்க்காரருக்குப் பிடித்தமும் இல்லை, திரும்பப் பெற வேண்டியதும் இல்லை. வரம்பைத் தாண்டுவோர் வழக்கம்போல் தாக்கல் செய்தே பெற வேண்டும். பான் எண் தராவிட்டால் பிடித்தம் 20 சதவீதம்.