கடவுச்சீட்டும் கடற்றுறையும்



வேற்றுநாடு செல்ல விழைவோர் முதலிற் கேட்கும் வினா, "என்னென்ன பத்திரங்கள் வேண்டும்?" என்பதாகும். இவ்வினாவை ஆராய்வதற்கு மன்னார்க் கரை மிகப் பொருத்தமான இடம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் அகலமே உடையது. அக்கடலைக் கடப்பதற்கு வேண்டிய பத்திரங்களோ காலந்தோறும் மாறிவந்துள்ளன.

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கடவுச்சீட்டு என்பது நம் சொந்த நாடு நமக்கு வழங்குவது. நாம் யார், எந்நாட்டுக் குடிகள் என்பதற்கு அது சான்று. வீசா என்பது நாம் செல்லவிருக்கும் நாடு வழங்கும் அனுமதி. இவ்விரண்டும் கையிலிருப்பினும், துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ குடிவரவுச் சோதனை முடிந்த பின்னரே உள்ளே செல்லலாம். வீசாவைப் பயன்படுத்தவேண்டிய இறுதி நாள் வேறு. அந்நாட்டில் தங்கக்கூடிய காலம் வேறு. இவ்வேறுபாட்டை உணராமல் இடர்ப்படுவோர் பலர்.

இனி, மன்னாரின் வரலாற்றைப் பார்ப்போம். பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. சென்னையிற் புகைவண்டி ஏறியவர், தனுஷ்கோடியிற் கப்பலேறி, தலைமன்னாரில் மீண்டும் வண்டியேறிக் கொழும்பை அடைந்தார். இரு நாடுகளும் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்தமையால் இற்றைநாள் வீசா முறை அன்று இல்லை. ஆயினும், தோட்டத் தொழிலாளர் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோயில்லை என்று கண்ட பின்னரே அனுப்பப்பட்டனர். எத்தோட்டத்துக்குச் செல்பவர் என்பதைக் காட்டும் தகர வில்லையொன்று அவர்களுக்கு வழங்கப்பட்டது. அதனையே அம்மக்களின் பயணப் பத்திரம் எனலாம்.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948ஆம் ஆண்டில் குடியுரிமைச் சட்டமும், குடிவருவோர் குடியகல்வோர் சட்டமும் நிறைவேறின. அதுவரை ஒரே பயணமாக இருந்தது, இரு நாடுகளுக்கிடையிலான பயணமாயிற்று. மலையகத் தமிழர் பெரும்பாலோர் குடியுரிமையற்றவராயினர். 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்படி குடியுரிமை கோரியோர், மணமானவராயின் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும், 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் இலங்கையில் தொடர்ந்து வசித்தமையை நிறுவவேண்டியிருந்தது. ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் இந்தியாவில் தங்கியவருக்கு அத்தொடர்ச்சி அறுந்ததாகக் கருதப்பட்டது. தாயின் நோய்க்காகவோ தங்கையின் திருமணத்துக்காகவோ ஊர்சென்று நாட்கடந்து திரும்பியவர், தாம் உழைத்த நாட்டில் உரிமை இழக்க நேர்ந்தது. பிறப்புப் பதிவும் தோட்டப் பதிவும் கையில் இல்லாதோர் தம் வசிப்பையே மெய்ப்பிக்க இயலாது தவித்தனர். தோணியேறிக் களவாக வந்தோரைக் குறித்த 'கள்ளத்தோணி' என்னும் சொல், இந்நாட்டிலேயே பிறந்த இம்மக்கள்மீதும் இழிசொல்லாக வீசப்பட்டது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரைக் கருத்திற்கொண்டு, அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ள 1974இல் உடன்பாடு ஏற்பட்டது. ஒப்பந்தமான அவ்வாண்டு டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர்க் கப்பல் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிற்று. இந்தியக் கடவுச்சீட்டுடன் பல்லாயிரவர் பிறந்த மண்ணைப் பிரிந்து தலைமன்னார்த் துறையிற் கப்பலேறினர். 1984இல் அச்சேவையும் நின்றது. இலங்கையில் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது.

இன்று தலைமன்னார் வரை புகைவண்டி மீண்டும் ஓடுகின்றது. 2015 மார்ச் மாதம் அப்பாதை திறக்கப்பட்டது. ஆயினும் அங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பல் இல்லை. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையே 2023 ஒக்டோபர் மாதம் தொடங்கிய கப்பற் சேவை, காலநிலை கருதி இடையிடையே நிறுத்தப்படுவதுண்டு. இந்தியா செல்லும் இலங்கையருக்குக் கடவுச்சீட்டும் வீசாவும் வேண்டும். வெளிநாட்டார் இலங்கைக்கு வருவதற்கு இணையவழிப் பயண அனுமதி முறை 2012இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு ஒரு சிறு விலக்கும் உண்டு. 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, கச்சதீவுக்கு வரும் இந்திய மீனவரும் யாத்திரிகரும் இலங்கையிடம் பயணப் பத்திரமோ வீசாவோ பெறவேண்டியதில்லை என்கின்றது.

அயல்நாடுகளுக்கிடையே இவ்விதிகள் எங்கும் ஒரு தன்மையன அல்ல. இமயமலை நாடாகிய நேபாளத்துக்கு இந்தியர் வீசா இன்றியே செல்கின்றனர். 1950ஆம் ஆண்டின் நட்புறவு உடன்படிக்கை அந்நெருக்கத்துக்கு அடிப்படை. பூட்டானுக்கு இந்தியர் வீசா இன்றி, நுழைவு அனுமதி பெற்றுச் செல்லலாம். பிற நாட்டுச் சுற்றுலாப் பயணிகளுட் பெரும்பாலோர் முன்கூட்டியே வீசா பெறவேண்டும். எவரை எளிதில் வரவேற்பது, எவரை வாயிலில் நிறுத்துவது என்பதை அரசுகளின் உறவே தீர்மானிக்கின்றது.

ஆகவே, பயணம் செய்வோர் கடவுச்சீட்டு இன்னும் 6 மாதமேனும் செல்லுபடியாகுமா என்று நோக்குக. விதிகள் அடிக்கடி மாறுவன. ஆதலின் சென்ற ஆண்டு போய்வந்த அண்டை வீட்டாரின் சொல்லை மட்டும் நம்பாது, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடமோ உரிய தூதரகத்திடமோ கேட்டறிக. பயணமே செய்யாதவரும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைப் பேணிவைத்தல் வேண்டும். தாளொன்று இல்லாமையால் ஒரு குடும்பம் எதனை இழக்கக்கூடும் என்பதைத் தலைமன்னார்த் துறை கண்டிருக்கின்றது.