உறை மாட்டிய கண்

மூக்கின் வழியே நுழைந்து குரல்வளையை எட்டிப் பார்க்கும் எண்டாஸ்கோப், ஒரு நோயாளியிடமிருந்து வெளிவந்தவுடன் அடுத்தவருக்குள் புகுந்துவிட முடியாது. அதைக் கழுவி, இரண்டு சதவீத குளூட்டரால்டிஹைடு போன்ற கிருமிநாசினியில் வழக்கமாக 20 நிமிஷம் ஊறவைத்து, மறுபடி அலசி உலர்த்தும் வரையில் வைத்தியரும் வரிசையில் இருப்போரும் காத்திருக்கத்தான் வேண்டும். இச்சிரமத்தைக் குறைக்கும் பொருட்டுத் தோன்றியதே, கருவிக்குக் கையுறைபோல் மாட்டி, ஒரே உபயோகத்தில் கழற்றி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. யோசனை உத்தமம், ஆனால் அந்த உறை லென்ஸின் முகத்தையும் அல்லவா மூடுகிறது?

காற்றிலிருந்து பிளாஸ்டிக்குக்குள் நேராக நுழையும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பிவிடும். உறையின் முனைச் சாளரத்துக்கு இரு பக்கங்கள் இருப்பதால் நஷ்டம் 8 சதவீதத்தை நெருங்குகிறது. பிரகாசத்தில் ஏற்படும் இக்குறையை விளக்கைச் சற்றுக் கூட்டி ஈடுசெய்துவிடலாம். விபரீதம், திரும்பிய ஒளி போய்ச் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. இரவுப் பேருந்தினுள்ளே முன்புற விளக்கை அணைத்துவிட்டு டிரைவர் வண்டியோட்டுவதைக் கண்டவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை: உள்ளே எரியும் விளக்கு கண்ணாடியில் பிரதிபலித்து, வெளியே உள்ள சாலையை மறைத்துவிடும். எண்டாஸ்கோப்பிலோ விளக்கும் கண்ணும் ஒரே முனையில் அருகருகே அமைந்தவை. ஆகவே சாளரத்தில் பட்டுத் திரும்பும் ஒளி லென்ஸுக்குள் புகுந்து, பிம்பம் முழுவதன்மீதும் மூடுபனிபோல் படர, சளிச்சவ்வின் இளஞ்சிவப்புக்கும் புண்ணின் செம்மைக்கும் இடையேயுள்ள சூட்சுமமான பேதம் மங்கிப்போகிறது. 1954-இல் ஹரால்டு ஹாப்கின்ஸும் நரிந்தர் சிங் கபானியும் வெளியிட்ட ஆராய்ச்சியின் வழிவந்த இழைக்கற்றைக் கருவிகளில், பிம்பமே ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆன புள்ளிக்கோலம். அதன்மேல் இம்மூட்டமும் சேர்ந்தால் கேட்பானேன்!

பரிகாரம் இல்லாமல் இல்லை. சாளரத்துக்கும் லென்ஸுக்கும் இடையில் ஒரு துளி நீரோ ஜெல்லோ இட்டால் காற்றிடைவெளி நீங்கிப் பிரதிபலிப்பு தணியும். குமிழி ஒன்று சிக்கிக்கொண்டால் மட்டும் பழைய கதைதான். சுருங்கும் சவ்வுக்குப் பதில் தட்டையான, தெளிந்த சாளரத்தை முனையில் பதிப்பதும், ஒளி செல்லும் பாதைக்கும் பார்வைப் பாதைக்கும் நடுவே இருண்ட தடுப்பொன்றை அமைப்பதும் இன்னும் மேலானவை.

ஆகவே உறை வாங்கும் வைத்தியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பொடி எழுத்தில் அச்சிட்ட தாள் ஒன்றை உறையில்லாமலும் உறையோடும் பார்த்த பிறகே விலை பேசுங்கள். கழற்றிய உறையில் கிழிசல் உண்டா என்று ஒவ்வொரு முறையும் சோதித்து, கருவியையும் சுத்தம் செய்யுங்கள். ஊசிமுனைத் துளை தென்பட்டாலும் கருவி பழைய கிருமிநாசினித் தொட்டிக்கே திரும்ப வேண்டும்.