அம்மாவுக்கு மணக்காத தேயிலை

1994-ம் வருஷம், பள்ளி விடுமுறை. மலேசியாவில் ரிங்லெட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அம்மா பல்வலியோடு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் யாரோ கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஒரு குவளை தே ஓ, பால் இல்லாத தேநீர், குடித்தார். முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் மூக்கு தண்ணீராக ஒழுகியது. கண் சிவந்தது, கழுத்து சிவந்தது. அப்புறம் நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. சாதாரண இழுப்பு இல்லை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சுக்குப் போராடினார். தோட்டத்து லேண்ட்ரோவரில் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். ஒவ்வொரு வளைவிலும் அவர் முதுகை நான் தாங்கிப் பிடித்திருந்தேன். விரல் நகங்கள் நீலம் பாய்ந்திருந்ததை இன்னும் மறக்கவில்லை. அப்போது எனக்கு 12 வயது, அம்மாவுக்கு 36.

பிழைத்து வந்துவிட்டார். பனி என்றார்கள். தேயிலைத் தூசி என்றார்கள். அம்மா ஆலையில் சலிக்கும் பிரிவில் காம்பு பொறுக்குபவர். சல்லடைகள் ஆடும்போது பஞ்சுபோல் தூசி பறக்கும். அது நுரையீரலைக் கெடுக்காது என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கை மருத்துவர் உரகொட, தேயிலை ஆலைத் தொழிலாளருக்கு வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் தீபாவளிக்கு ஆலை மூடிக் கிடந்த நாட்களிலும் அம்மாவுக்கு இழுத்தது. வெயில் காய்ந்த மாதத்திலும் இழுத்தது.

யாரும் கேட்காத ஒன்று இருந்தது. அந்தப் பல்வலிக்கு இரண்டு வருஷம் முன்பே அம்மாவின் மூக்கு செத்துப்போயிருந்தது. ஆலையில் உருட்டிய கொழுந்து புளிக்கும்போது பச்சைப் புல் வாசனை மெல்ல மாறி, பழுத்த பழம்போல் ஒரு இனிப்பு வாசனை எழும். இலை செம்பு நிறத்துக்கு வரும் அந்த நேரத்தை அம்மா கண்ணால் பார்க்காமலே சொல்வார். "ஆயிருச்சு, டிரையருக்குப் போடலாம்" என்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "சாம்பார் அடி பிடிச்சிருச்சா, பாப்பா?" என்று என்னைக் கேட்டார். சட்டி கரிந்து வீடு முழுக்கப் புகையாக இருந்தது. தீராத சளி, அதனால் மணக்கவில்லை என்று விட்டுவிட்டோம்.

2001-ல் ஈப்போவில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு மூக்கிலும் உரித்த திராட்சைபோல் சதை வளர்ந்து அடைத்திருந்தது. அடுத்து அவர் கேட்டது மூக்கைப் பற்றி இல்லை. "வலி மாத்திரை சாப்பிட்டு எப்பவாச்சும் மூச்சு முட்டியிருக்காம்மா?" என்றார். அம்மா பல்வலிக் கதையைச் சொன்னார். ஏழு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது: ஆஸ்பிரின் ஆஸ்துமா. நான் அப்போது மருந்தியல் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். இன்று ஈப்போவில் மருந்தாளர். ஆஸ்துமா பம்போடு வந்து வலி மாத்திரை கேட்கிறவர்களிடம் அதே கேள்வியை நானும் கேட்கிறேன்.

ஆஸ்பிரின் 1899-ல் விற்பனைக்கு வந்தது. ஆஸ்துமா, மூக்குச் சதை, ஆஸ்பிரின் ஒவ்வாமை மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதை 1922-ல் பாரிஸ் மருத்துவர் ஃபெர்னான் விடால் எழுதினார். அது அப்படியே மறக்கப்பட்டு, 1968-ல் அமெரிக்காவில் மேக்ஸ் சாம்டரும் ரோலண்ட் பியர்ஸும் விரிவாக எழுதிய பிறகுதான் மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாம்டர் முக்கூட்டு என்ற பெயர் அப்படி வந்தது. ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு இது இருக்கிறது. கடுமையான ஆஸ்துமா உள்ளவர்களில் ஏறக்குறைய 15 பேருக்கு.

ஆஸ்பிரின் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். இபுபுரோபன், வோல்டரன் என்று நாம் வாங்கும் டைக்ளோபெனாக், நாப்ராக்சன், மாதவிலக்கு வலிக்கும் பல்வலிக்கும் மலேசியாவில் சர்வசாதாரணமாகப் போடும் போன்ஸ்தான் எல்லாம் ஒரே குடும்பம். வேதியியலில் இவை எல்லாம் ஒரே அமைப்பு இல்லை. பிறகு எப்படி எல்லாமே ஒரே ஆளைத் தாக்குகின்றன? அவை உடம்பில் செய்யும் வேலை ஒன்று.

செல்களின் சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு இருக்கிறது. ஓர் ஓடை இரண்டு வாய்க்காலாகப் பிரிவதுபோல் அது இரண்டு வழியில் போகும். ஒரு வழியில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகின்றன. வலியும் காய்ச்சலும் வீக்கமும் வருவது அவற்றால். இன்னொரு வழியில் லியூக்கோட்ரையீன்கள். மூச்சுக் குழாயை இறுக்கிப் பிடிப்பவை. வலி மாத்திரைகள் முதல் வாய்க்காலின் மடையை அடைக்கின்றன. இதை 1971-ல் ஜான் வேன் கண்டுபிடித்தார். லியூக்கோட்ரையீனுக்கு 1979-ல் பெயர் வைத்த பெங்ட் சாமுவெல்சனும் அவரும் 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். போலந்தின் கிராகோவ் நகரில் ஆந்த்ரே ஷ்செக்லிக் 1975-லேயே மடையடைப்புக்கும் ஆஸ்துமாவுக்கும் முடிச்சுப் போட்டிருந்தார்.

மடையை அடைத்தால் தண்ணீர் அடுத்த வாய்க்காலில் பாயும் என்பது சுலபமான விளக்கம். ஆனால் அதே மாத்திரையை நானும் போடுகிறேன், எனக்கு மூச்சு நிற்கவில்லையே! முழு விளக்கத்துக்கு இன்னொன்றும் வேண்டும். புரோஸ்டாகிளாண்டின்களில் ஈ2 என்ற ஒன்று லியூக்கோட்ரையீனுக்குப் பிரேக்காக இருக்கிறது. அம்மாவைப் போன்றவர்களின் மூக்கிலும் மூச்சுக் குழாயிலும் லியூக்கோட்ரையீன் ஏற்கெனவே அளவுக்கு மீறி ஊறிக்கொண்டிருக்கும். மெலிந்துபோன அந்தப் பிரேக்தான் தாங்கிப் பிடித்திருக்கும். மாத்திரை அதையும் எடுத்துவிடுகிறது. நெஞ்சு இழுப்பதோடு மூக்கு ஒழுகுவதும் அதனால்தான்.

ஏன் சிலருக்கு மட்டும் அப்படி ஊறுகிறது? இங்குதான் மரபணு வருகிறது. லியூக்கோட்ரையீனைச் செய்து முடிக்கும் நொதிக்கான மரபணு ஐந்தாவது குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணு தொடங்கும் இடத்துக்கு 444 எழுத்து முன்னால் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் சிலருக்கு 'சி' இருக்கிறது. போலந்து நோயாளிகளிடம் இந்த மாற்றம் கூடுதலாக இருப்பதாக ஷ்செக்லிக்கின் குழு 1997-ல் எழுதியது. அந்த நொதி உள்ள செல்கள் நோயாளிகளின் மூச்சுக் குழாயில் பல மடங்கு அதிகமாக இருப்பதும் மறு ஆண்டே தெரிந்தது. ஒரே எழுத்தில் பதில் கிடைத்துவிட்டதே என்று படிக்கிற காலத்தில் எனக்கு அவ்வளவு பரபரப்பாக இருந்தது. பிறகு ஜப்பானில் தேடியபோது அந்த 'சி'க்கும் நோய்க்கும் தொடர்பு கிடைத்தது; அமெரிக்காவிலும் கொரியாவிலும் கிடைக்கவில்லை.

இன்னொரு தடயம் கொஞ்சம் உறுதியானது. காலையில் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் கிராணி செக்ரோல் (வருகைப் பதிவேடு) பார்த்துப் பெயர் கூப்பிடுவதுபோல், யார் நம்மவர், யார் அயலார் என்று உடம்பு பார்ப்பதற்கு எச்.எல்.ஏ. மரபணுக்கள் உதவுகின்றன. அவற்றில் டி.பி.பி.1*0301 என்ற வகை இந்த நோயாளிகளிடம் அதிகம் என்று போலந்திலும் தென்கொரியாவிலும் கண்டார்கள். அதுவும் ஆபத்தைக் கூட்டுகிறதே தவிர நோயைத் தீர்மானிப்பதில்லை. அந்த வகை இருந்தும் ஒன்றும் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு.

மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிடுவார்கள். அந்துருண்டை வேண்டாம், இன்னின்ன மருந்து வேண்டாம் என்று தாயிடம் அப்போதே சொல்லிவிடலாம், ஏனென்றால் அது ஒரே மரபணுவின் கோளாறு. ஆஸ்பிரின் ஆஸ்துமாவுக்கு அப்படி ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மூக்குச் சதை, ஆஸ்துமா, மாத்திரை போட்டபோது நடந்தது, இவற்றைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் மருத்துவமனையில் பக்கத்திலேயே இருந்து, மிகச் சிறு அளவில் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.

காய்ச்சல், தலைவலிக்கு அம்மா பனடோல் (பாராசிட்டமால்) போடுகிறார், ஒரு தடவைக்கு 500 மில்லிகிராம் மட்டும். ஒரே நேரத்தில் ஆயிரம் போனால் சிலருக்கு அதுவும் இழுக்கும். லியூக்கோட்ரையீனைத் தடுக்கும் மொண்டெலுகாஸ்ட் எடுக்கிறார். மூக்குச் சதையை அறுத்தெடுத்த பிறகு எட்டு மாதம் வாசனை திரும்பி வந்தது. அந்த எட்டு மாதமும் கறிவேப்பிலையைக் கசக்கிக் கசக்கி முகர்ந்துகொண்டே இருந்தார். சதை மறுபடி வளர்ந்தது. இந்த நோயில் அது அடிக்கடி நடப்பதுதான். அவருடைய மைகார்டு (அடையாள அட்டை) உறையில் ஒரு தாள் இருக்கிறது. போடக் கூடாத மாத்திரைகளின் பெயர்கள் மலாயிலும் தமிழிலும் என் கையெழுத்தில் இருக்கும். 'எனக்கு மருந்து ஒத்துக்காது' என்று மட்டும் சொன்னால் எந்த மருத்துவருக்கும் புரியாது. மாத்திரையின் பெயர் வேண்டும்.

என் பாட்டி, அம்மாவைப் பெற்றவர், ஆஸ்பிரின் மாத்திரையான ஆஸ்ப்ரோவைத் தண்ணீரில் கரைத்து மாதத்தில் பத்து நாளாவது குடித்தவர். அவருக்கு ஒரு தும்மல்கூட வந்ததில்லை. இந்த நோய் தாயிடமிருந்து மகளுக்கு நேராக இறங்குவதும் அபூர்வம். ஐரோப்பாவில் பத்து நாடுகளின் நோயாளிகளை ஆராய்ந்து 2000-ல் வெளியிட்டபோது, குடும்பத்தில் இன்னொருவருக்கும் இருந்தது நூற்றுக்கு ஆறு பேருக்குத்தான். அதே ஆய்வில் ஆண்களைவிடப் பெண்கள் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தார்கள். சராசரியாக முப்பதை ஒட்டி விடாத சளியாகத் தொடங்கி, இரண்டு வருஷத்தில் ஆஸ்துமா, அதன்பின் மாத்திரை ஒத்துக்கொள்ளாமை என்று அது வளர்கிறது. அம்மாவுக்கு அச்சு அசலாக அப்படித்தான் வந்தது.

எனக்கு இப்போது 43. இந்தக் கணக்கையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினால், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், "தேயிலை டின்னைத் திறந்தியா, பாப்பா? மணக்குதா?" என்றுதான் கேட்கிறார். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்துபோய், டின்னைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, மணக்குதும்மா என்கிறேன்.