மண்ணைத் தட்டிப் பார்க்கும் சம்மட்டி

பழனி மலையடிவாரத்துப் பாலசமுத்திரத்தில் ஒரு கட்டடம் எழுப்புவதாகக் கொள்வோம். அதன் பாரத்தால் மண் எவ்வளவு அமுங்கும்? அது மண்ணின் விறைப்பைப் பொறுத்தது. அதை எப்படி அறிவது?

தரையில் துளையிட்டு, அதன் அடியில் ஒரு குழாயை நிறுத்தி, 63.5 கிலோகிராம் சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழச் செய்வார்கள். முதல் 15 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க ஆகும் அடிகளின் எண்ணிக்கையே 'என்' மதிப்பு. மணலில் அது 10-க்குக் குறைந்தால் தளர்ந்த மண். 30-ஐத் தாண்டினால் இறுகிய மண். விறைப்பை இதிலிருந்து அனுபவச் சூத்திரங்களால் மதிப்பிடுவர்.

நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கிப் பாருங்கள்: ஓர் அடிக்கு ஏறக்குறைய 467 ஜூல். ஆனால் கயிற்றின் உராய்வு முதலியவற்றால் ஒரு பங்கு வீணாகிறது. 60 சதவீதம் போய்ச் சேரும்போது 20 அடி வேண்டிய மண்ணுக்கு, 45 சதவீதமே சேர்ந்தால் சுமார் 27 அடி வேண்டும். மண் மாறவில்லை, உறுதியானதுபோல் ஏமாற்றுகிறது!

அடிவாரத்தில் இன்னோர் ஏமாற்று உண்டு. குழாய் உருண்டைக் கல்லில் மோதினால் எண்ணிக்கை எகிறிவிடும். கல்லுக்குக் கீழே இளகிய மண் இருக்கலாம். ஆகவே பல இடங்களில் துளையிட வேண்டும். எண்ணை மட்டுமின்றி, குழாயில் வந்த மண்ணையும் பார்க்க வேண்டும்.