பாதியில் திரும்பிய தொண்டர்

சிக்கல், ஏர்வாடி, வாலிநோக்கம், கீழக்கரைப் பக்கம் வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவரைச் ‘சபுராளி’ என்பார்கள். தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். சம்பளத்துக்கு இல்லாமல் சேவைக்காகக் கடல் கடப்பவர்களும் உண்டு. ஹஜ் பயணிகளுக்குத் துணையாக அரசு அனுப்பும் சேவகர்கள், சவூதியில் வேலை பார்த்தபடியே விடுப்புப் போட்டு, மெக்காவை அடுத்த மினாவில் வழிதவறிய முதியவர்களைக் கூடாரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் இளைஞர்கள், ஆப்பிரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு ஊழியம் செய்யப் போகும் கன்னியாஸ்திரிகள் என்று பலர். இவர்களில் ஒருவர் உடம்புக்கு முடியாமல், குறித்த நாளுக்கு முன்பே மதுரை விமான நிலையத்தில் வந்து இறங்கினால் என்ன செய்வது?

‘நாங்க பார்க்காத வெயிலா?’

கருவேல விறகை அடுக்கிக் கரிமூட்டம் போட்ட ஊர்க்காரர்கள் வெயிலை இப்படி லேசாக எண்ணிக் கேட்பதில் வியப்பில்லை. ஆனால் 2024 ஜூனில், ஹஜ் நாட்களில், மெக்காவின் பெரிய பள்ளிவாசலில் பதிவான வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸ். அந்த ஆண்டு 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அந்த ஹஜ்ஜில் இறந்த இந்தியர்கள் 98 பேர் என்று நம் வெளியுறவுத் துறை சொன்னது. இவர்களில் மூப்பாலும் பழைய நோயாலும் இறந்தவர்களும் உண்டு.

வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். சில வாரம் நிழலில் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். ஊரில் பத்து வருடத்துக்கு முன்பு மூட்டம் போட்டது இன்று அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து போகிறவருக்குக் காப்பு ஆகாது. தொண்டருக்கு இன்னொரு தொல்லை. தண்ணீர்ப் பாட்டிலை வரிசையில் நிற்பவருக்கெல்லாம் கொடுப்பார், தான் குடிக்க மறந்துவிடுவார்.

உடம்பின் சூடு 40 டிகிரிக்கு மேல் ஏறி, பேச்சுக் குழறி, ஆள் தடுமாறினால் அது வெப்பவாதம். காய்ச்சல் மாத்திரை அதற்கு வேலை செய்யாது. நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். வெப்பவாதத்திலிருந்து பிழைத்தவருக்குச் சிறுநீரகம், கல்லீரல் பாதித்திருக்கலாம். ஊர் வந்ததும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளாமல் வயல் வேலைக்கோ கடலுக்கோ போகவேண்டாம்.

கூடவே ஏறி வரும் காய்ச்சல்

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், வேறென்று நிரூபணமாகும்வரை அதை மலேரியா என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். நான் இதை மிகையாகச் சொல்லவில்லை. அங்கே பெரும்பாலும் பரவுவது ஃபால்சிபாரம் வகை. கொசு கடித்து ஒரு வாரத்துக்குப் பிறகுதான் காய்ச்சல் தலைகாட்டும். ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்தும் வரலாம். வந்தபின் வைத்தியம் தள்ளிப்போனால், ஒரே நாளில் மூளையைத் தாக்கும் அளவுக்கு முற்றக்கூடும். வைவாக்ஸ் வகை வேறு மாதிரி. அது கல்லீரலில் பதுங்கிக் கிடந்து, பல மாதம் கழித்து மறுபடி கிளம்பும். அதனால்தான் காய்ச்சல் விட்டபிறகும் பிரைமாக்வின் மாத்திரையை 14 நாள் விழுங்கச் சொல்கிறார்கள். நாலாம் நாளே நிறுத்துபவர்கள்தான் அதிகம்.

நமக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். இராமேசுவரம், பாம்பன் கரை நெடுங்காலம் மலேரியா மண்டிக் கிடந்த கரை. கிணற்றிலும் மேல்நிலைத் தொட்டியிலும் முட்டையிடும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு இன்னும் இங்கே இருக்கிறது. காய்ச்சலோடு வந்தவரை அது கடித்தால், அடுத்த வீட்டுக்கும் நோய் போகும். எதிர்க்கரையில் இலங்கை 2016-இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கியது. வெளியிலிருந்து வருபவரின் காய்ச்சலை இன்றும் அவர்கள் விடாமல் பரிசோதிக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இப்படி நோயைத் தடுக்கும் காவல் இந்தக் கரையில் இருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகளை மண்டபம் முகாமில் சில நாள் நிறுத்திவைத்து, அம்மையோ காலராவோ இல்லை என்று பார்த்தபிறகே இலங்கை அரசு கப்பலேற்றியது. மனிதரை ஆடுமாடுபோல நடத்திய ஏற்பாடு அது. மீண்டும் வரவேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். இன்று அந்தக் காவலை நாமே நமக்குச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

சவூதியிலிருந்து வந்தவருக்கு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால், ஒட்டகத்தின் அருகே போனதையும் பச்சை ஒட்டகப்பால் குடித்ததையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மெர்ஸ் வைரஸ் அந்த வழியாக வரும்.

திரும்பி வந்தவருக்கு மாலை கிடையாது

1938-இல் ஜப்பானியப் படையெடுப்பில் சிக்கிய சீனாவுக்கு உதவ, காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களில் துவாரகநாத் கோட்னிஸ் அங்கேயே தங்கி, 1942 டிசம்பரில் 32 வயதில் இறந்தார். அவரைப் பற்றி இயக்குநர் சாந்தாராம் 1946-இல் படமே எடுத்தார். அதே குழுவில் போன மருத்துவர் முகர்ஜி உடல்நலம் கெட்டு முன்னதாகவே இந்தியா திரும்பினார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

சேவைக்குப் போனவர் நோயை மறைப்பதற்கு இந்த மனக்கணக்கும் ஒரு காரணம். “பாதியில வந்துட்டியாமே” என்று கல்யாண வீட்டில் கேட்பார்களே என்ற கூச்சத்தில், பாராசிட்டமாலைப் போட்டு நாளைக் கடத்துகிறார்கள். முகாமில் படுத்த தொண்டரைக் கவனிக்க இன்னொரு தொண்டர் வேண்டும். திரும்பிவிடுவதே அந்த முகாமுக்கும் உதவி.

பெட்டி கட்டும் முன்

ஹஜ் பணிக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் போய்ச் சேர்வதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். ஆப்பிரிக்காவின் பல நாடுகளுக்கென்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி, அதுவும் 10 நாள் முன்பே. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு தொண்டர்களுக்குப் பொருந்தாது, தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள். நோயாளியை ஊருக்கு அனுப்பும் செலவும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள். கையில் காசில்லாமல் சிக்கிக்கொண்டால் இந்தியத் தூதரகத்தில் சமூக நல நிதி இருக்கிறது. உரியவர்களுக்கு அதிலிருந்து அவசர வைத்தியத்துக்கும் டிக்கெட்டுக்கும் உதவுவார்கள்.

திரும்பியபின் காய்ச்சல் கண்டால் மருந்துக்கடையில் ஊசி போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். நினைவு தப்பினால் 108. ஓ.பி. சீட்டு எழுதும்போதே எந்த நாட்டில் இருந்தீர்கள், என்றைக்கு வந்து இறங்கினீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். மருத்துவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.